மேகத்தில் ஏறிய மன்னர்கள்



நம் சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கி வருவதை அறிவீர்கள். பல்லாண்டு காலம் பொருளாளர் பொறுப்பைச் சுமந்து, இவ்வாண்டுடன் விடைபெறும் பெரியவருக்கு அவ்விழாவில் வாழ்த்து மடல் ஒன்று படித்தளிப்பதெனச் செயற்குழுவினர் முடிவு செய்தனர். அதனை எழுதும் பணி நம்மிடம் வந்து சேர்ந்தது. நாமோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் விடுப்புக் கணக்கும் சரக்குக் கணக்கும் எழுதிக் காலம் கழிப்பவர். செய்யுள் இயற்றும் ஆற்றல் நமக்கு ஏது? எனினும் மறுக்க மனம் வரவில்லை. ஓர் இரவு விழித்திருந்து, தக்காணம் கண்ட தமிழ் வேந்தே என்று தொடங்கி, வள்ளலே, வானளந்த புகழே என்று அடுக்கிக்கொண்டே போய் ஒருவாறு முடித்தோம்.

அதே வேளையில் விழாப் பதாகையின் மாதிரிப் படமும் கைப்பேசி வழியே வந்தது. பெரியவரின் முகத்தை எடுத்து ஓர் அரசனின் உடலின்மீது ஒட்டியிருந்தார்கள். தலையிலே மணிமுடி, கையிலே செங்கோல், அமர்ந்திருப்பது சிங்காதனம், அச்சிங்காதனமோ வெண்மேகங்களின்மீது மிதந்தது. ஒருபுறம் தமிழ்த்தாய் அவருக்கு மாலை சூட்ட, மறுபுறம் இறகு முளைத்த குழந்தைகள் மலர் தூவின. கீழே, ஒரு சாண் உயரத்தில், சார்மினாரும் மாதாப்பூரின் கண்ணாடி மாளிகைகளும் அவரை வணங்குவனபோல் நின்றன.

நம் தோளின்மீது சாய்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாம் வகுப்பு மகள், "அப்பா, தாத்தா எந்த ஊருக்கு ராஜா?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளும் ஆவலால் கேட்டாள். சனிக்கிழமை மாலைதோறும் தம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிற்கும் இடத்திலே பாய் விரித்துத் தனக்கு ஆனா ஆவன்னா கற்றுக்கொடுத்த தாத்தா ஒரு நாட்டுக்கு அரசராகவும் இருந்திருக்கிறார் என்றால், அந்நாடு எது என்று அறிய விரும்புவது குழந்தைக்கு இயல்புதானே? நமக்கு விடை தெரியவில்லை. நாம் எழுதிய மடலும் மேசைமீதே கிடந்தது. அதிலும் அப்பொய் எழுதப்பட்டிருந்தது. அதனை எழுதிய கை நம்முடையது.

அடுத்த ஞாயிறன்று, மாதாப்பூர் நிலையத்தில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில் மாறி, மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தில் இறங்கி, மூசி ஆற்றங்கரையிலுள்ள சாலர்ஜங் காட்சியகத்திற்குக் குடும்பத்துடன் சென்றோம். மூன்றாம் சாலர்ஜங் ஆகிய மீர் யூசுப் அலிகான் (1889-1949) தம் வாழ்நாளெல்லாம் உலகின் பல மூலைகளிலிருந்தும் வாங்கிச் சேர்த்த பொருள்களே அங்குப் பெரும்பாலும் உள்ளன. 1951-இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டு, 1968-இல் இன்றுள்ள கட்டடத்திற்கு மாற்றப்பட்டது. மணியடிக்கும் கடிகாரத்தையும், முகத்திரை அணிந்த ரெபேக்காள் சிலையையும் கண்டபின், ஜேடு என்னும் பச்சைக்கல் பொருள்கள் இருக்கும் அறைக்கு வந்தோம். பேரரசர் ஜஹாங்கீருடைய கட்டாரி என்றும், அவர் மனைவி நூர்ஜஹானின் பழம் நறுக்கும் கத்தி என்றும் காட்டப்படுகிற இரண்டு அங்கே உள்ளன.

"இவர் உண்மையான ராஜாவா?" என்று மகள் கேட்டாள்.

"உண்மையான ராஜாதான்" என்றோம். ஆனால் அன்றிரவு நூல்களைப் புரட்டியபோது, உண்மையான ராஜாக்களுக்கும் மேகமும் இறகுக் குழந்தைகளும் தேவைப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்டோம். அச்செய்தியை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இத்திங்கள் இப்பகுதியின் நோக்கம்.

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரோக் என்னும் ஓவியப் பாணி செல்வாக்குற்றிருந்தது. அளவிலே பெருமை, அசைவிலே வேகம், ஒளியும் இருளும் மோதும் காட்சி ஆகியவை அதன் இயல்புகள். அப்பாணியில் மன்னர்களைப் புகழ்வதற்கு ஓவியர்கள் கையாண்ட முறை உருவகம். நீதி என்னும் பண்பைத் துலாக்கோல் ஏந்திய பெண்ணாக வரைவர். புகழை எக்காளம் ஊதும் பெண்ணாக வரைவர். நாட்டை முடியணிந்த மங்கையாகவும், பகையை மிதிபடும் பாம்பாகவும் காட்டுவர். இவர்களெல்லாம் அரசனைச் சூழ்ந்து நின்று, முடி சூட்டியும் மேலே தூக்கியும் அவனைத் தெய்வமாக்குவர். எழுத்தறியாதவனும் அண்ணாந்து பார்த்தால் அரசன் கடவுளுக்கு அருகில் இருப்பதை உணரவேண்டும் என்பதே எண்ணம்.

இக்கலையில் தலைசிறந்தவர் ஆண்ட்வெர்ப் நகரத்து ரூபன்ஸ் (1577-1640). இலண்டனில் வொயிட்ஹால் பகுதியில் விருந்து மண்டபம் ஒன்று உள்ளது. 1622-இல் கட்டி முடிக்கப்பட்டது. மறைந்த தம் தந்தை முதலாம் ஜேம்ஸ் மன்னரின் பெருமையை அம்மண்டபத்தின் விதானத்தில் எழுதித் தருமாறு மகன் முதலாம் சார்லஸ் ரூபன்ஸைக் கேட்டார். ஒன்பது ஓவியங்கள், கூலி 3,000 பவுன். 1636-இல் அவை மேலே பொருத்தப்பட்டன. நடுவிலுள்ள நீள்வட்ட ஓவியத்தில், நீதி கைகொடுத்துத் தாங்க, ஜேம்ஸ் மன்னர் கழுகின்மீதும் உருண்டையின்மீதும் கால்பதித்து விண்ணுலகம் ஏறுகிறார். மற்றோர் ஓவியம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய இரு முடிகளும் அவரால் ஒன்றானதைக் காட்டுகிறது. தீவட்டிப் புகையால் ஓவியங்கள் கெட்டுவிடும் என்று அஞ்சி, அம்மண்டபத்தில் வழக்கமாக நடந்த அரசவைக் கூத்துகளையும் நிறுத்திவிட்டார்கள்.

நடந்தது என்ன? ஓவியம் பொருத்தப்பட்ட மூன்றாம் ஆண்டில், 1639-இல், சார்லஸ் அதே ஸ்காட்லாந்தோடு போரில் இறங்க நேர்ந்தது. பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649 ஜனவரி 30-ஆம் நாள், மரணதண்டனை விதிக்கப்பட்ட சார்லஸ் மன்னர் அதே மண்டபத்தின் வழியே அழைத்துச் செல்லப்பட்டார். தந்தை விண்ணேறும் காட்சி தலைக்கு மேலே இருந்தது. வெளியே சாரம் கட்டிப் போடப்பட்டிருந்த கொலைமேடைக்குச் சென்று அவர் தலைகொடுத்தார்.

இதனினும் இரக்கத்திற்குரியது பிரெஞ்சு அரசி மரி தெ மெடிசியின் வரலாறு. கணவர் நான்காம் ஹென்றி 1610-இல் குத்திக் கொல்லப்பட்டபின், சிறுவனாயிருந்த மகனுக்காக நாட்டை ஆண்டவர். மகன் வளர்ந்ததும் 1617-இல் அவனாலேயே அரண்மனையிலிருந்து அகற்றப்பட்டவர். பின்னர் ஒருவாறு சமாதானமாகி, பாரிசில் தாம் எழுப்பிய லக்சம்பர்க் அரண்மனைக்காக 1622-இல் தம் வாழ்க்கையை ரூபன்ஸிடம் ஓவியமாக்கச் சொன்னார். 24 பெரும் ஓவியங்கள்; இன்று லூவர் காட்சியகத்தில் உள்ளன. மணப்பெண்ணாக அவர் மார்செய் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் காட்சியில், நீலப் போர்வை போர்த்த பிரான்சு நாடே எதிர்கொண்டு வணங்குகிறது. மேலே புகழ் எக்காளம் ஊதுகிறது. கீழே கடற்கன்னியர் கயிறு பிடிக்கின்றனர். ஆனால் பாரிசிலிருந்து அவர் வெளியேற்றப்பட்ட காட்சியை என் செய்வது? அதுவும் வரையப்படவிருந்தது, மகனுடைய சினத்திற்கு அஞ்சி அதனை விலக்கி, அவர் ஆட்சியில் நாடு செழித்திருந்ததாக வேறோர் ஓவியத்தை அவ்விடத்தில் வைத்தார்கள். அதனாலும் பயன் விளையவில்லை. 1631-இல் அவர் மீண்டும் நாட்டைவிட்டு ஓடினார். 1642-இல் கொலோன் நகரத்தில், அயலாரிடத்தில், உயிர்நீத்தார். நம்மைப்போல் பிறந்த ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர்களுக்கு அம்முடிவின் துயரம் விளங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேலே சொன்ன அதே ஜேம்ஸ் மன்னர் இன்னோர் ஓவியத்திலும் இருக்கிறார். அதனை வரைந்தவர் ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் பிசித்ர்.

1615 முதல் 1619 வரை ஜேம்ஸ் மன்னரின் தூதராக சர் தாமஸ் ரோ இந்தியாவில் இருந்தார். அவர் வழியே வந்த ஆங்கிலேயப் படங்களை முகலாய ஓவியர்கள் கூர்ந்து கவனித்தனர். இறகுக் குழந்தைகளும், தலையைச் சுற்றிய ஒளிவட்டமும், உலக உருண்டையும் அவர்கள் தூரிகைக்கும் வந்துவிட்டன. பிசித்ரின் ஓவியத்தில், ஞாயிறும் திங்களும் கலந்த பேரொளி வட்டத்தின் முன்னே, ஒரு பெரிய மணற்கடிகையின்மீது ஜஹாங்கீர் வீற்றிருக்கிறார். அவர் எதிரே நால்வர். முதலில் வெண்தாடி கொண்ட சூஃபிப் பெரியவர். பேரரசர் அவருக்கே நூல் ஒன்றை அளிக்கிறார். அவருக்குக் கீழே துருக்கிச் சுல்தான். அவருக்கும் கீழே, முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டு, இங்கிலாந்தின் ஜேம்ஸ் மன்னர். இலண்டனில் விண்ணேறியவர் இங்கே மூன்றாமவராகக் காத்து நிற்கிறார்! நான்காமவர், எல்லோருக்கும் கீழே, கையில் சிறு படத்துடன் நிற்பவர் பிசித்ரே.

அவ்வெளியவர் செய்த ஒரு செயலை எண்ணி எண்ணி வியந்தோம். பேரரசர் ஆயிரம் ஆண்டு ஆளவேண்டும் என்று இறகுக் குழந்தைகள் கடிகையின்மீது எழுதுவதாக அவர் வரைந்திருக்கிறார். ஆனால் அக்கடிகையின் மணலோ பெரும்பாலும் கீழே இறங்கிவிட்டது! மன்னருக்கு வேண்டிய வாழ்த்தும் அதில் இருக்கிறது. மன்னர் மறக்கலாகாத உண்மையும் இருக்கிறது. கூலிக்குப் புகழ வந்தவர் பொய்யின் நடுவே மெய்யை வைத்துவிட்டார். அவ்வோவியம் எழுதிய சுமார் பத்தாண்டுகளில், 1627-இல், ஜஹாங்கீர் மறைந்தார்.

மற்றோர் அரசவை ஓவியர் அபுல் ஹசனுக்கு அத்தகைய துணிவு இல்லைபோலும். அவர் எழுதிய ஓர் ஓவியத்தில் ஜஹாங்கீர் பாரசீக மன்னர் ஷா அப்பாசை மார்போடு தழுவுகிறார். ஜஹாங்கீரின் காலடியில் சிங்கம். அப்பாசின் காலடியில் ஆடு. இரண்டும் உலக உருண்டைமீது அமைதியாகப் படுத்திருக்கின்றன. அவ்விரு மன்னரும் ஒருநாளும் சந்தித்ததில்லை. ஜஹாங்கீர் கண்ட கனவு அது. 1622-இல் அந்த 'ஆடு' வந்து காந்தகார்க் கோட்டையைக் கைப்பற்றிக்கொண்டது.

இன்னோர் ஓவியம் நம் தக்காணத்தைப் பற்றியது. மீனின்மீது காளை, காளையின்மீது உலகம், உலகத்தின்மீது ஜஹாங்கீர் நின்று வில்லை வளைக்கிறார். எதிரே ஈட்டியில் செருகிய கரிய தலை ஒன்று, அதன்மீது ஆந்தை. அத்தலை அகமதுநகர் அரசின் தலைமை அமைச்சரும் படைத்தலைவருமான மாலிக் அம்பருடையது. எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறித் தக்காணத்திற்கு வந்து, தம் திறமையால் உயர்ந்தவர் அவர். மறைந்து தாக்கும் போர்முறையால் முகலாயப் படைகளைப் பல்லாண்டு அலைக்கழித்தார், தாமும் தோல்விகள் கண்டார், ஆனால் பிடிபடவில்லை. ஜஹாங்கீரின் அம்பு அவரைத் தொட்டது ஓவியத்தில் மட்டுமே. 1626-இல், எண்பதை நெருங்கிய வயதில், அவர் இயற்கையாகவே இறந்தார்.

இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்க்குமிடத்து ஒன்று புலனாகிறது. எது கைகூடவில்லையோ அதுவே ஓவியத்தில் கைகூடுகிறது. பிடிபடாத பகைவன் தலையிழக்கிறான். சந்திக்காத மன்னன் தழுவுகிறான். வீட்டைவிட்டு விரட்டப்பட்ட தாய் நாட்டின் தாயாகிறாள். உருவகத்தின் உள்ளே ஓர் அச்சம் ஒளிந்திருக்கிறது.

மன்னர் போய் வணிகர் ஆளத் தொடங்கியபோதும் இவ்வழக்கம் நிற்கவில்லை. 1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இலண்டனிலிருந்த தன் தலைமை அலுவலகத்தின் வருவாய்க் குழு அறைக்கு ஒரு விதான ஓவியம் எழுதச் செய்தது. எழுதியவர் ஸ்பிரிதியோன் ரோமா. பிரித்தானியா என்னும் மங்கை பாறைமீது உயர அமர்ந்திருக்கிறாள்; கீழ்நாடுகளின் மாந்தர் கீழே நின்று முத்தும் மணியும், சீனப் பீங்கான் கலமும், கட்டிய மூட்டைகளும் அவளுக்குக் காணிக்கையாகத் தருகின்றனர். தருபவர் முகத்தில் வருத்தமில்லை. நம் சோழமண்டலக் கரையிலிருந்து கம்பெனிக் கப்பல்கள் ஏற்றிச் சென்றவை பெரும்பாலும் துணிமூட்டைகளே என்பதையும், அவ்வோவியத்திற்கு எட்டாண்டு முன்னர்தான் கம்பெனி வரி தண்டிய வங்காளத்தில் இலட்சக்கணக்கான மக்கள் பஞ்சத்தால் மடிந்தனர் என்பதையும் ஓவியம் சொல்லவில்லை. அவ்வோவியம் இன்று வொயிட்ஹாலை அடுத்த வெளியுறவு அலுவலகத்தில் உள்ளது. ஜேம்ஸ் மன்னர் விண்ணேறும் மண்டபத்திலிருந்து நடந்தே சென்றுவிடலாம்.

அயலாரை மட்டும் குறை கூறுவானேன்? நம்மவர் வழக்கமும் இதுவன்றோ? கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவபெருமான் சண்டேசர் தலையில் மலர்மாலை சுற்றும் சிற்பத்தை அறிஞர் பலர் இராசேந்திர சோழனின் முடிசூட்டாகவே காண்பர். சோழர் மெய்க்கீர்த்திகள் கல்வெட்டின் தலைப்பிலேயே மன்னன் வெற்றிகளை முழக்குவன. எனினும் நம் முன்னோரிடம் மற்றொரு மரபும் இருந்தது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், பளபளக்கும் அவன் படைக்கலங்களைப் புகழ்ந்து, எங்கள் மன்னனுடையவையோ போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்ச்சிபோல் ஒலித்த அது எத்தகைய எச்சரிக்கை! வரி மிகுதியாக வாங்கினால் யானை வயலில் புகுந்த கதையாகும் என்று பாண்டியனுக்கு இடித்துரைத்தார் பிசிராந்தையார். பாடிப் பரிசில் பெற்ற புலவர்களே உண்மையையும் சொன்னார்கள்.

இவ்வளவும் படித்தபின் நம் மடலைக் கையில் வைத்துக்கொண்டிருக்க வெட்கமாயிருந்தது. சனிக்கிழமை மாலை, வகுப்பு முடிந்து குழந்தைகள் போனபின், பெரியவரிடம் சென்று, "ஐயா, நான் எழுதியது பொய். அந்தப் பதாகையும் வேண்டாம் என்று குழுவினரிடம் சொல்லலாமென்று நினைக்கிறேன்" என்றோம். அவர் சிரித்து நம்மைத் தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்திருந்தோம்.

அவர் சிரிக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது."

நாம் பேசாதிருந்தோம்.

"இராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊர். சின்ன வயதில் என் ஐயா என்னை அரண்மனைக்கு, இராமலிங்க விலாசத்திற்குக் கூட்டிப் போனார். சுவர் முழுவதும் ஓவியம். முத்து விசய ரகுநாத சேதுபதிக்கு இராசராசேசுவரி அம்மனே செங்கோல் கொடுக்கிறாள். தஞ்சாவூர் மராத்தியரோடு சண்டை. வெள்ளைக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். நான் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஐயா அவருக்குப் பின்னால் நிற்கிறவர்களைக் காட்டி, நாமெல்லாம் இவர்கள்தானடா என்றார். அந்த ஊரிலிருந்து வேலை தேடி இங்கே வந்தேன். மாதாப்பூர் அப்போது பாறையும் முள்ளும். நம் குழுப் பிள்ளைகள் அனுப்பிய படத்தை ஊரிலிருக்கிற என் தங்கைக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு அழுதாளாம். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டினாளாம். அது பொய் என்று அவளுக்குத் தெரியாதா, தம்பி?"

அன்பர்களே, நாம் படித்த நூல்களில் இதற்கு விடை இல்லை. சேதுபதிக்குப்பின் சில ஆண்டுகளிலேயே சீமை பிரிந்து சிவகங்கை தனியாயிற்று என்ற வரலாறு நம் நாவின் நுனியில் இருந்தது. அதனைச் சொல்ல மனம் வரவில்லை. எல்லாம் உடையவன் தன்னை மேகத்தில் ஏற்றச் சொல்வது வேறு. குடைபிடித்தவன் வழிவந்தவன் ஒருமுறை சிங்காதனத்தில் தன்னைக் காண்பது வேறு. முன்னதில் அச்சம் இருக்கிறது. பின்னதில் பசி இருக்கிறது. ஊரைவிட்டு வந்த நம் ஒவ்வொருவரிடத்திலும் அப்பசி உண்டு. விடுமுறைக்குச் செல்லும்போது கடன் வாங்கியேனும் புதுச்சட்டை அணிந்து இறங்குகிறோம் அல்லவா?

எனினும் நம் மகளின் கேள்வி அப்படியே நின்றது. அதனைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் எண்ணமிட்டார். பிறகு அலமாரியைத் திறந்து பழைய கணக்கேடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. ஊரடங்கில் வேலையிழந்து தவித்தவர்களை ஏற்றிக்கொண்டு நாட்டின் முதல் சிறப்புத் தொழிலாளர் ரயில் அவ்வாண்டு மே முதல் நாள் நமக்கு அருகிலுள்ள லிங்கம்பள்ளியிலிருந்துதான் ஜார்க்கண்டுக்குப் புறப்பட்டது. ரயில்வே ஊழியராகிய நமக்கு அந்நாள் மறவாது. அந்நாட்களில் கட்டட வேலைக்கு வந்து சிக்கிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்குச் சங்கம் அளித்த அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து எல்லாம் அவ்வேட்டில் நாள்வாரியாக இருந்தன. கொடுத்தவர் பெயரும், பெற்றவர் இருந்த இடமும், வண்டிக்கூலியும் அவர் கையெழுத்தில் இருந்தன. ஓரிடத்தில் கணக்கில் ஏழு ரூபாய் குறைந்ததை, தம் கையிலிருந்து ஈடுசெய்ததாகக் குறித்திருந்தார்.

இதனைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஏன் அவரை வேந்தே என்று அழைத்தோம்?

வீட்டிற்கு வந்து மடலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். இத்தனை ஆண்டு கணக்கு எழுதினார். இத்தனை குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தார். ஊரடங்கின்போது பசித்தவர்களுக்கு அவரே அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார் என்று, உள்ளதை உள்ளபடி எழுதினோம். மறுவாரம் அவரிடம் காட்டியபோது, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து 'அவரே' என்ற சொல்லை அடித்தார். "நான் தனியாகப் போகவில்லை. வண்டி ஓட்டிய தெலுங்குப் பையன் ஒரு பைசா வாங்கவில்லை. அதையும் எழுது, தம்பி" என்றார். எழுதினோம். இப்பொழுது மடல் முன்னையதைவிடச் சிறியது. ஆனால் அதைப் படிக்கும்போது நமக்குக் குரல் தழுதழுக்கிறது.

பதாகையைப் பற்றி அவரே செயற்குழுவில் பேசினார். அச்சகத்திற்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று சிலர் வாதிட்டனர். அம்முன்பணத்திற்குச் சனிக்கிழமை வகுப்புக்கு எழுத்துப்பலகைப் படங்கள் அச்சிட்டுத் தரவேண்டும் என்றும், மேடையில் குழந்தைகளோடு அவர் பாயில் அமர்ந்திருக்கும் நிழற்படம் ஒன்று போதும் என்றும் முடிவாயிற்று. சிங்காதனப் படம் அவர் தங்கை வீட்டுச் சுவரில் இருக்கிறது. அங்கே அது இருப்பதே முறை என்று இப்பொழுது நினைக்கிறோம்.

மாலிக் அம்பரைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியுள்ளது. செகந்திராபாத்திலிருந்து மன்மாடு செல்லும் நம் ரயில் பாதையில் அவுரங்காபாது என்று வழங்கிய ஊர் வரும். இன்று சத்ரபதி சம்பாஜிநகர் என்பது அதன் பெயர். 1610-இல் கட்கி என்ற பெயரில் அவ்வூரை அமைத்தவர் அம்பரே. அது வறண்ட நிலம். எனவே தொலைவிலிருந்து மண்ணுக்கடியில் வாய்க்கால் அமைத்து நகரத்திற்கு நீர் கொண்டுவந்தார். ஊரின் பெயரைப் பின்வந்தோர் மாற்றினர்; ஓவியத்தில் அவர் தலையை அம்பு துளைத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் நூற்றாண்டுகள் பலவாக அந்நகரத்து மக்கள் குடித்தது அவர் கொண்டுவந்த நீரை. அவ்வாய்க்காலுக்கு இன்றளவும் அம்பரின் பெயரே.

சென்ற சனிக்கிழமை நம் மகள் பெரியவரிடமே கேட்டுவிட்டாள்: "தாத்தா, நீங்கள் ராஜா இல்லையா?"

"இல்லை அம்மா. நான் கணக்குப்பிள்ளை" என்றார் அவர்.

"எங்கள் அப்பா மாதிரியா?"

"உங்கள் அப்பாவைவிடக் கூட்டல் நன்றாகப் போடுவேன்" என்றார்.

அவள் நிறைவுற்றாள். விழாவுக்கு அனைவரும் குடும்பத்துடன் வருக. வரும்போது, உங்கள் இல்லத்தில் பயன்படாமலிருக்கும் தமிழ்ப் பாடநூல்கள் இருப்பின் எடுத்து வருக. சனிக்கிழமை வகுப்பில் இப்போது புத்தகத்தைவிடப் பிள்ளைகள் மிகுதி.